கடையை அடைத்தால் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போவார்களா?

1

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு சிறு பதிப்பகத்தின் அரங்கில் நின்றுகொண்டிருந்தேன். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒரு பையன் வந்தான். புது நாவல் ஒன்றை எடுத்தான். நடுவில் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தான். கூட வந்த பெண் அதைக் கைபேசியில் படம் எடுத்தாள். ரெண்டு தடவை சரியா வரலை. மூன்றாவது தடவை வந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு இது பதினோராவது மூக்கு சார். ஒரு மூக்குக்கும் இன்னும் பில் போடல."

அன்று மாலை அதே வளாகத்தில் ஒரு கூட்டம். தலைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான்: நவீனத் தொழில்நுட்பம் அச்சுப் புத்தகத்தை ஒழித்துவிடுமா? மேடையில் நான்கு பேர். முதலாமவர் காகிதத்தின் ஸ்பரிசம், வாசனை, அலமாரியின் அழகு என்று கண் கலங்கப் பேசினார். இரண்டாமவர் கைபேசியைத் தூக்கிக் காட்டி, "இதுக்குள்ள ஆயிரம் புத்தகம் இருக்கு, இனிமே எதுக்கு மரத்தை வெட்டணும்?" என்றார். மூன்றாமவர் இரண்டும் நமக்கு இரு கண்கள் என்றார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். நான்காமவர் தன்னுடைய புதிய நூலைப் பற்றிப் பேசினார்.

இந்தக் கூட்டத்தை வேறு வேறு ஊர்களில், வேறு வேறு நாற்காலிகளில் உட்கார்ந்து பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு முதல் மூன்று கட்சிகளோடும் சண்டை. நான்காமவரோடு சண்டை இல்லை, அவர் பாவம்.

'அச்சுப் புத்தகம் அழியுமா?' என்பது ஜோசியக் கேள்வி. என் ஜோசியத்தைக் கேட்டால், அழியாது. வானொலி வந்தது, சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்றும் நடக்கிறது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் அதிகாரபூர்வமாக வந்தன. அதற்குப் பிறகும் அச்சில் புத்தகம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சரி, ஜோசியம் முடிந்தது. இனி நாம் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருவோம்.

உங்களிடம் இருக்கும் புத்தகம் உங்களுடையதா? உங்கள் அனுமதி இல்லாமல் யாராவது அதை எடுத்துக்கொள்ள முடியுமா? அதிலிருந்து இன்னொரு பிரதி எடுக்க முடியுமா? அந்தப் பிரதி உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிறதா, வேறு ஊரில் வேறொருவர் வீட்டிலும் இருக்கிறதா? ஒரு புத்தகத்தின் ஆயுள் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அது காகிதமா, ஓலையா, கண்ணாடித் திரையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

2

முதலில் வாசனைக் கட்சி.

என் அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோவில்பட்டியில் இருக்கிறாள். சம்பளத்தில் புத்தகம் வாங்கும் வசதி அன்று இல்லை. கிளை நூலகம், வாடகை நூலகம், பக்கத்து வீட்டு வார இதழ்களைக் கிழித்துத் தைத்த தொடர்கதை பைண்டிங் என்று கிடைத்ததையெல்லாம் படித்தவள். படித்த இடத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைப்பாள். ஒருமுறை ஊருக்குப் போனபோது அவள் தலைமாட்டில் இருந்த நூலகப் புத்தகத்தில் டிக்கெட் 46ஆம் பக்கத்தில் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனபோதும் 46ஆம் பக்கம்தான். கேட்டால், "கத இழுவையா இருக்கு" என்றாள். அம்மா இழுவையான கதையையும் முடிக்காமல் விடுகிறவள் இல்லை.

மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். கண்ணில் நீர் அழுத்தம். கண்டுபிடிக்கும்போதே பார்வையில் பெரும்பகுதி போயிருந்தது. போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். அச்சுப் புத்தகத்தின் எழுத்து இனி அவளுக்குப் பூச்சி ஊர்ந்த தடம் மாதிரிதான். அதை யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். தமிழ் நூல்கள் விற்கும் செயலி ஒன்றை அதில் போட்டு, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கக் காட்டினேன். "ஏய்யா, இது பெருசாயிக்கிட்டே போகுதே!" என்றாள். அவளுக்குத் தோதான அளவுக்குப் பெரிதாக்கினால் திரைக்கு ஏழு வரிதான் நிற்கும். ஏழு ஏழு வரியாக அந்த வருஷம் முப்பத்தொரு புத்தகம் படித்தாள்.

காகித வாசனை பற்றி மேடையில் உருகுகிறவர்கள் ஒருநாள் என் அம்மாவிடம் வந்து உருகட்டும். பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவரிடம் போய்ச் சொல்லட்டும். அச்சுப் புத்தகம் அவர்களுக்குப் பூட்டிய கதவு. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அந்த யாராவதுக்கு நேரம் இருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும். இன்று எழுத்தை ஒலியாக்கிச் சொல்லும் மென்பொருள் அவர்கள் கைபேசியிலேயே இருக்கிறது. குரல் கொஞ்சம் தகர டப்பாவில் பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டாலும் வாசிக்கும், சலித்துக்கொள்ளாது. 'புத்தகம் என்றால் காகிதம்தான்' என்று அடித்துப் பேசும்போது எத்தனை பேரை வாசகர் பட்டியலிலிருந்தே வெளியே தள்ளுகிறோம் என்று யோசித்திருக்கிறோமா?

அந்த வாசனையைப் பற்றியும் ஒரு விஷயம். புதுப் புத்தகத்தில் வருவது மையும் பசையும். பழைய புத்தகத்தில் வரும் அந்த இனிப்பான மணம், காகிதத்தின் மரக்கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்போது வெளிவரும் ஆவி. அமிலம் கலந்த மலிவுக் காகிதமாக இருந்தால் சிதைவு இன்னும் வேகம். பக்கம் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளமாக ஒடியும். நீங்கள் கண்ணை மூடி ரசிப்பது ஒரு புத்தகம் சாகிற வாசனையை. ரசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரசித்து முடித்ததும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்கிறேன்.

3

பிரதி எடுப்பது நமக்குப் புதிய வேலை இல்லை. தமிழ் இலக்கியம் இவ்வளவு காலம் பிழைத்ததே அதனால்தான்.

பனையோலை நம் வெக்கையிலும் ஈரத்திலும் செல்லிலும் கரையானிலும் நிரந்தரமாக நிற்காது. சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுத வேண்டும். எழுதினால் அந்த நூல் இன்னும் சில தலைமுறை இருக்கும், எழுதாவிட்டால் போச்சு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரர்கள் ஓலையைச் செதுக்கி எழுத்தாணி பிடித்து, முன்னால் இருந்ததை அப்படியே பெயர்த்து எழுதிய பெயர் தெரியாத ஆட்கள்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578இல் வந்தது. பதினாறு பக்கம். தரங்கம்பாடியில் 1700களின் தொடக்கத்தில் அச்சுக்கூடம் வந்தது. ஆனால் சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1887இல். புறநானூறு 1894இல். நடுவில் மூன்று நூற்றாண்டு. அந்த மூன்று நூற்றாண்டும் அச்சு என்கிற தொழில்நுட்பம் இருந்தது, ஓலையும் இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப்போட ஆள்தான் போதவில்லை. அச்சு வந்த பிறகு, ஏடு பெயர்த்து எழுதும் வழக்கமும் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அச்சிலும் ஏறாமல், புது ஓலையிலும் ஏறாமல் இடையில் மாட்டிக்கொண்ட நூல்களின் கதி என்ன?

எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை கரிவலம்வந்தநல்லூர். அந்தக் கோயிலில் வரகுணராம பாண்டியன் சேர்த்துவைத்த ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனதை உ.வே.சா. தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் போவதற்கு முன்பே அந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டார்கள். அழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பழசாகிவிட்ட ஏட்டை மரியாதையோடு அனுப்பி வைக்கிற சடங்கு அது. அதைப் பார்த்து இன்னொரு ஏடு எழுதிவிட்டு அனுப்பியிருந்தால் அது சடங்காகவே நின்றிருக்கும்.

இன்னொரு உதாரணம். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக நம்மிடம் இல்லை. ஆனால் சில பாடல்கள் இருக்கின்றன. எப்படி? புறத்திரட்டு என்கிற தொகைநூலைத் தொகுத்தவர் தனக்குப் பிடித்த பாடல்களை எடுத்து வைத்துக்கொண்டார். உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டினார்கள். அதாவது மூல ஏடு போனது, வேறு ஒருவர் தன் நோட்டில் குறித்து வைத்த மாதிரி எடுத்து வைத்தது மட்டும் பிழைத்தது. முழு நூலையும் இன்னும் நாலு பேர் எழுதி வைத்திருந்தால் இன்று ஐந்து காப்பியமும் நம் கையில் இருந்திருக்கலாம்.

ஆகவே அச்சு ஓலையை வென்றது என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. ஆற்றைக் கடக்கும்போது தோணியில் ஏற்றியவை கரை சேர்ந்தன, ஏற்றாதவை அந்தக் கரையிலேயே மண்ணாகிவிட்டன. இன்று நாம் மறுபடியும் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறோம். எதை ஏற்றுகிறோம், யாருடைய தோணியில் ஏற்றுகிறோம் என்பதுதான் என் கவலை.

4

உ.வே.சா.வோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் சி.வை. தாமோதரம் பிள்ளை. கலித்தொகையை 1887இல் அச்சில் கொடுத்தவர். அவர் பிறந்த யாழ்ப்பாண மண்ணில், 1981 மே 31 இரவு தொடங்கி, யாழ் பொதுநூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. காகிதம் நிரந்தரம் என்று நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய வரலாறு இது. ஒரே கட்டடம், அதற்குள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள். தீ வைக்க வந்தவர்களுக்கு ஒரு இரவு போதுமாக இருந்தது.

ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்கும் 'நூலகம்' 2005இல் தொடங்கியது. வீடுகளிலும் பள்ளிகளிலும் தனியார் சேகரிப்புகளிலும் மிஞ்சியிருந்த நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்களைத் தேடி எடுத்து ஒவ்வொரு பக்கமாக வருடி இணையத்தில் போட்டார்கள். இன்று அவற்றை எந்த நாட்டிலிருந்தும் யாரும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். என் மடிக்கணினியில் சில நூறு இருக்கின்றன. இனி ஒரு கட்டடத்தை எரித்து அவற்றை அழிக்க முடியாது.

அதற்கும் முன்னால், 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் அலுவலகம் விட்டு வந்து ராத்திரியில் உட்கார்ந்து சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்தார்கள். எழுத்தாணிக்குப் பதில் விசைப்பலகை. வேலை அதே வேலைதான். காசு இல்லை, பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். இன்று நீங்கள் கைபேசியில் புறநானூற்றுப் பாட்டு ஒன்றைத் தேடி நிமிஷத்தில் எடுக்கிறீர்கள் என்றால் அது அவர்கள் போட்ட சோறு.

காகிதத்தையும் இவ்வளவு அக்கறையாகச் சேர்த்தவர்கள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொரு ஆளாக வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் நோட்டீஸ்களும் 1992இல் அவர் இறந்த பிறகு சிதறிப் போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே நுண்படமாக்கினார்கள், மின்வடிவமாக்கினார்கள். காகிதத்தின் மீது நிஜமான காதல் உள்ளவர்கள் செய்கிற காரியம் இதுதான். அவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகவில்லை.

5

அப்படியானால் நான் கைபேசிக் கட்சியா? பொறுங்கள். அவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை.

2003 வாக்கில் நான் எழுதிய கதைகள் ஒரு குறுந்தட்டில் இருந்தன. போன வருஷம் அதைப் படிக்கும் கருவியை இரவல் வாங்கித் திறந்து பார்த்தேன். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. உள்ளே ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை. அந்தக் காலத்தில் யூனிகோடு நம்மிடம் பரவியிருக்கவில்லை. பாமினி ஒருவர், தாப் ஒருவர், திஸ்கி ஒருவர், ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமாக ஓர் எழுத்துரு. எந்த எழுத்துருவில் அடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ரெண்டு கதையை மீட்டேன். அதே அலமாரியில் அம்மாவின் பழைய தொடர்கதை பைண்டிங் ஒன்று இருக்கிறது. என் வயசைவிட அதற்கு வயசு அதிகம். அதைத் திறக்க எனக்கு எந்த எழுத்துருவும் தேவைப்படவில்லை.

ஜியோசிட்டீஸ் தளத்தில் தமிழில் எத்தனையோ பேர் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009இல் அந்தச் சேவையை மூடினார்கள். இணையத்தில் ஏற்றிவிட்டால் சாகாது என்று நம்பியவர்களின் எழுத்து, யாராவது தனியாகச் சேமித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கைபேசிக்குள் ஆயிரம் புத்தகம் இருக்கிறது என்கிறீர்களே, அவை எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் உங்கள் கைபேசிக்குள் இல்லை. யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கின்றன. அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும்வரை நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்கள்.

2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது நினைவிருக்கலாம். உரிமை இல்லாத ஒரு நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை விற்றுவிட்டது என்று தெரிந்ததும், அமேசான் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்தது. அழிந்த நூல்களில் ஒன்று 'பத்தொன்பது எண்பத்து நான்கு'. வேண்டாத எழுத்தை அரசு தீயில் போட்டு வரலாற்றை மாற்றுவதைப் பற்றிய நாவல்! பாடத்துக்காக அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவரின் குறிப்புகளும் பயனில்லாமல் போயின. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்துபோனது.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கிய நூல்கள் எல்லாம் போயின. பணம் திரும்பி வந்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். ஒரு வாசகர் ஓரத்தில் கிறுக்கி வைத்ததற்கு உலகச் சந்தையில் விலை நிர்ணயித்த சம்பவம் இதுதான் என்று நினைக்கிறேன். 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருக்கும். நிபந்தனைகளைப் படித்தால் நீங்கள் வாங்குவது படிப்பதற்கான அனுமதி மட்டும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏமாந்தேன். அம்மாவின் டேப்லெட்டில் இருந்த அந்தச் செயலிக்காரர்களிடமிருந்து ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. சேவை நிறுத்தப்படுகிறது, இதுவரை அளித்த ஆதரவுக்கு நன்றி, முப்பது நாள் அவகாசம். அந்த மின்னஞ்சல் என் முகவரிக்கு வந்தது. விளம்பரக் குவியலுக்குள் கிடந்தது, நான் பார்க்கவில்லை. அம்மா போனில் கூப்பிட்டாள்: "ஏய்யா, பொஸ்தகம் ஒண்ணையும் காணமே."

புத்தகத்தை விடுங்கள், மறுபடி வாங்கலாம். அம்மா அந்த முப்பத்தொரு நூலிலும் மஞ்சள் பூசி வைத்திருந்தாள். வரி மீது விரலை அழுத்தினால் மஞ்சள் விழும் என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். கரிசல் கதைகளில் தன் அம்மா, அதாவது என் பாட்டி, பேசிய சொற்கள் வரும் இடத்திலெல்லாம் பூசியிருந்தாள். பாட்டி செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டில் இப்போது யாரும் அந்தச் சொற்களைப் பேசுவதில்லை. எல்லாம் படித்து முடித்த பிறகு மொத்தமாக எடுத்து எழுதலாம் என்று இருந்தாளாம். நாலு வருஷம் சேர்த்தது.

நான் என்னென்னவோ விளக்கினேன். சர்வர், நிறுவனம், நஷ்டம், ஒப்பந்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைய அடைச்சா, நான் காசு குடுத்து வாங்குன பொஸ்தகத்தையுமா தூக்கிட்டுப் போவாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் தொழில்நுட்ப வல்லுநர்கள் யாராவது அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு நியாயம் சொல்லுங்கள்.

6

இனி 'இரண்டும் இரு கண்கள்' கட்சி. கைதட்டல் வாங்கும் கட்சி. இவர்கள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் புகார்.

பதிப்பாளர்களே, காகிதத்தின் பாதுகாவலர்கள் நீங்கள்தான் என்கிறீர்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு நூறு பிரதி, ஐம்பது பிரதி போடுகிறீர்கள். தப்பில்லை, கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் முடியும். ஆனால் அந்த நூறு தீர்ந்த பிறகு? 'ஸ்டாக் இல்லைங்க, அடுத்த ஜனவரிக்குப் பாக்கலாம்.' நூலின் மூலக் கோப்பு பக்க வடிவமைத்தவரின் பென்டிரைவில், பழைய எழுத்துருவில் கிடக்கிறது. அவர் வேலையை மாற்றிக்கொண்டால் கோப்பும் போச்சு. கரிவலம்வந்தநல்லூரில் நெய் ஊற்றியாவது அனுப்பினார்கள்.

மின்னூல் போடுகிறவர்கள் பூட்டுப் போட்டுத்தான் விற்கிறார்கள். பூட்டை உடைக்கிறவன் எப்படியும் உடைக்கிறான். காசு கொடுத்து வாங்கிய என் அம்மாதான் வெளியே நிற்கிறாள். அச்சு நூலை நான் படித்துவிட்டு உங்களுக்குத் தரலாம், நீங்கள் பழைய புத்தகக் கடையில் போடலாம், கையில் இருபது ரூபாய் வைத்திருக்கும் ஒரு மாணவி அதை வாங்கலாம். நான் படித்தவனானதே திருவல்லிக்கேணி நடைபாதையில் அப்படி வந்த புத்தகங்களால்தான். பூட்டுப் போட்ட மின்னூலுக்கு நடைபாதை கிடையாது, இரவல் கிடையாது, வாரிசு கிடையாது. வாங்கியவர் செத்தால் அதுவும் அவரோடு போகும்.

இப்போது உங்களிடம் வருகிறேன், பிடிஎஃப் பகிரும் தம்பி தங்கைகளே. டெலிகிராம் குழுவில் நாலாயிரம் புத்தகம் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 'அண்ணா, நாங்களும் பிரதிதானே எடுக்கிறோம்?' என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி, ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். அறுபது ஆண்டுக்கு முன்பே இறந்துபோனவரின் நூலுக்கு இந்தியச் சட்டப்படி உரிமைத் தடை இல்லை, நாட்டுடைமையான நூலுக்கும் இல்லை. தாராளமாகப் பரப்புங்கள். 1949இல் பாரதியின் எழுத்துகளை அரசு தன் உடைமையாக்கிப் பிறகு பொதுவாக்கியது. பாரதி கவிதைகள் இல்லாத தமிழ்க் கடைத்தெரு இன்று உண்டா? பிரதி எடுக்க விட்டால் நூல் எப்படி வாழும் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் போன மாதம் வந்த நாவல், எழுதியவர் வீட்டு வாடகை கட்டத் திணறிக்கொண்டிருக்கிறார், பதிப்பாளர் கடன் வாங்கி நூறு பிரதி போட்டிருக்கிறார், அதை வருடிப் போட்டுவிட்டுத் தாமோதரம் பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். அவர் அழிந்துகொண்டிருந்ததைத் தேடி எடுத்தார். நீங்கள் அரங்கில் அடுக்கியிருப்பதை எடுக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பூட்டு இல்லாத மின்னூலை நியாயமான விலைக்கு விற்கலாம். அச்சு நூலை வாங்கியவருக்கு மின்கோப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். மூலக் கோப்பை யூனிகோடில், குறைந்தது மூன்று இடத்தில் வைக்கலாம். வெறும் படமாக வருடிய பக்கத்தை, ஒலியாக்கும் மென்பொருள் வாசிக்கக்கூடிய எழுத்தாக மாற்றித் தரலாம். அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954இல் இந்தியா சட்டம் போட்டது. சென்னைக் கன்னிமாரா நூலகம் அப்படிப் பிரதி பெறும் நூலகங்களில் ஒன்று. அச்சு மட்டுமே இருந்த காலத்தின் சட்டம் அது. அதன் நோக்கத்தை மின்னூலுக்கும் இணைய இதழுக்கும் நீட்டச் சொல்லி எழுத்தாளர்கள் கேட்க வேண்டும். விருது சர்ச்சைக்கு ஒன்றுகூடுகிற நாம் இதற்கு ஒருமுறை கூடலாம்.

இந்த மாதிரி இணைய இதழ்களில் எழுதும் உங்களுக்கும் ஒரு கேள்வி: உங்கள் முதல் கதை இப்போது எங்கே இருக்கிறது? சுட்டியைக் காட்டாதீர்கள். பிரதி எங்கே?

7

அம்மா இழந்த முப்பத்தொரு நூல்களையும் அச்சில் தேடினேன். இருபத்திரண்டு கிடைத்தன. ஒன்பது எங்கேயும் இல்லை. அந்த ஒன்பதில் இரண்டின் பதிப்பகமே இப்போது இல்லை. கிடைத்தவற்றை அவளுக்காகப் பக்கம் பக்கமாக வருடி, எழுத்தைப் பெரிதாக்கி டேப்லெட்டுக்குள் போட்டேன். எந்தக் கடையோடும் தொடர்பில்லாத வெறும் கோப்புகள். இரண்டு மாதம் ஆனது. காகிதப் புத்தகங்களை அவள் அலமாரியிலேயே வைத்தேன். காகிதம் இல்லையென்றால் மீட்டிருக்க முடியாது, திரை இல்லையென்றால் அவளால் படித்திருக்க முடியாது.

மஞ்சள் பூசியவை திரும்பவில்லை. அம்மா முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறாள். பாட்டியின் சொல் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கோடு போடாத நோட்டில், தடித்த பேனாவால், பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறாள். பக்கத்துக்கு நாலு சொல்தான் வரும். போன முறை போனபோது அறுபத்துச் சொச்சம் சொல் சேர்ந்திருந்தது. எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துட்டு அப்படியே வச்சிராத" என்றாள். "ஒரு படம் பிடிச்சு ஒங்கிட்ட வச்சுக்க. ஒந் தங்கச்சிக்கும் ஒண்ணு அனுப்பு. நோட்டு இங்க கெடக்கட்டும்."